இருபத்தோராவது பை

ஃபர்ஹானா ஓடினாள்.

ஒரு டீச்சர் ஊர் பார்க்க எப்படி ஓடக் கூடாதோ அப்படி ஓடினாள். புடவைக் கொசுவத்தை இடது கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். முந்தானை கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தச் சத்தம் அவளைத் துரத்திக்கொண்டே வந்தது.

பள்ளிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே இது குறுக்குப் பாதை. பாதி வழியில் வலது கைப்பக்கம் கல்குவாரி.

குவாரி என்பது பழைய பெயர். கல் உடைத்து முடித்து லாரிகள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது பள்ளமும், பள்ளம் நிறைய மழைத் தண்ணீரும்தான். ஆழம் அறுபது அடி என்பார்கள், எண்பது என்பார்கள். அளந்தவர் யாரும் இல்லை. போன வருஷம் ஓர் எருமை உள்ளே விழுந்து மூன்றாம் நாள்தான் மேலே வந்தது. சுற்றிக் கட்டிய வேலியில் முள்கம்பி காணாமல் போய்க் கல்லுக்கால்கள் மட்டும் நிற்கின்றன.

விளிம்புக்குப் பத்தடி இருக்கும்போது அவள் கால்கள் தாமாக நின்றன.

தரையில் ஒரு செருப்பு கிடந்தது. நீல ரப்பர், குழந்தையின் அளவு. வார் அறுந்திருந்தது. ஜோடியைக் காணோம்.

"திலகா!"

எதிர்ப் பாறையில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது.

"திலகவதீ!"

பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. மீனாக இருக்கலாம். மீனாக இருக்க வேண்டும். ஃபர்ஹானா கடற்கரை ஊரில் பிறந்தவள்தான். ஆனால் கோட்டைப்பட்டினத்தில் பெண்பிள்ளைகளைக் கடலில் இறங்கவிட்டதில்லை. அவளுக்கு நீந்தத் தெரியாது.

அன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்?

அன்றோடு அவள் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் நிறைகிறது. தகுதிகாண் பருவம் என்று அரசாங்கம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் ஒரு மெமோ கிடையாது. சான்றிதழ்களின் உண்மைத்தன்மை வந்துவிட்டது, போலீஸ் விசாரணை அறிக்கை வந்துவிட்டது. பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் நிலவழகன் குன்றாண்டார்கோவிலிலிருந்து வருவார். வகுப்பைப் பார்ப்பார். ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்து இல்லாமல் மாறுதல் கலந்தாய்வுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்க முடியாது. கீரனூரில் வாடகை அறை, புருஷன் முகமது ரபீக் குவைத்தில், மூன்று வயது மகள் ஹஃப்சா கோட்டைப்பட்டினத்தில் ஃபர்ஹானாவின் உம்மாவிடம். இரண்டு வருஷமாக இப்படித்தான். போன வாரம் வீடியோ காலில் ஹஃப்சா அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். விளையாட்டுக்கு அல்ல. வீட்டில் எல்லோரும் "டீச்சர் பேசுது, டீச்சர் பேசுது" என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைக்கு அதுவே பெயராகப் பதிந்துவிட்டது. அன்று இரவு ஃபர்ஹானா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அழ நேரமில்லை. மணி பத்து முப்பத்தைந்து.

"ஏம்மா ஃபர்ஹானா! நில்லு, அங்கிட்டுப் போகாதே!"

தலைமையாசிரியை ஞானமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. இந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பு அவருக்கு, ஒன்று முதல் மூன்று வரை ஃபர்ஹானாவுக்கு. செருப்பைப் பார்த்ததும் ஞானமணியின் கை தன்னால் நெஞ்சில் சிலுவை போட்டது.

"ஆண்டவரே... இது அவளோடதா?"

"அவளோடதுதான் டீச்சர். நேத்துக்கூட வாரு அந்துபோச்சுன்னு ஊக்கு கேட்டா."

"பதறாதே. எங்கயாச்சும் ஆட்டுக்குட்டி பின்னாடி போயிருக்கும். தண்ணித்தொட்டி மேல ஏறி அவ அம்மாவுக்குப் போன் போட்டுப் பாத்தேன். சுவிட்ச் ஆஃப்." ஞானமணி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஆமா, புள்ளையக் காணோம்ன்னதும் வீட்டுப் பக்கம் ஓடாம நேரா இங்கிட்டு ஏன் ஓடியாந்தே?"

"மனசு சொல்லுச்சு, டீச்சர்."

சொல்லும்போது ஃபர்ஹானா வலது கையை மூடிக்கொண்டாள். காலையில் குத்திய நெருஞ்சி முள் உள்ளங்கையில் உறுத்தியது.

"நல்லா மனசு சொல்லுச்சு போ. அட்டெண்டன்ஸ் ஆப்புல என்ன போட்டே?"

"இருபத்தொண்ணு."

"எல்லாரும் பிரசென்ட்டா? திலகாவுமா?"

ஃபர்ஹானா தலையை ஆட்டினாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் செல்போன் எடுக்காது. பின்புறம் மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. அதன் ஏணியில் எட்டுப் படி ஏறி, போனைக் குன்றாண்டார்கோவில் திசைக்கு நீட்டினால் இரண்டு கோடு வரும். வருகைப்பதிவை அங்கே நின்றுதான் அனுப்ப வேண்டும். ஒன்பதரைக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பியதை மாற்ற முடியாது. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடினால் சில நாள் நேரம் தப்பிவிடும். ஆகவே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வராந்தாச் சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு பெயர். பிள்ளைகள் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஆணியில் தொங்கும் பைகளை எண்ணிக்கொண்டு போய் டீச்சர் தொட்டி ஏறிவிடுவார். பை இருந்தால் பிள்ளை இருக்கிறது. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இந்தக் கணக்கு பிசகியதில்லை.

கிச்சடி வாசனை பிடித்ததும் பையைக் கண்ட இடத்தில் வீசிவிட்டுத் தட்டைத் தூக்குகிற வாண்டுகளும் உண்டு. அந்தப் பைகளைத் தட்டி எடுத்து ஆணியில் மாட்டுவது காலைச் சமையல்காரி உண்ணாமலையின் வழக்கம். இன்றும் இருபத்தோரு ஆணி, இருபத்தோரு பை. அதற்குப் பிறகாவது தலைகளை எண்ணியிருக்கலாம். ஆனால் அதிகாரி வருகிறார் என்று பாடக்குறிப்பேட்டை அடுக்குவதும் அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதுமாக ஃபர்ஹானாவுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டது. பத்தரைக்கு ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்கச் சொன்னபோது, இரண்டாம் வகுப்பு ராக்கன் மட்டும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"டீச்சர், எனக்குச் சோடி இல்ல. திலகா வரல."

அப்போது ஓட ஆரம்பித்தவள்தான்.

"கேளும்மா," ஞானமணி குரலைத் தாழ்த்தினார். "பி.இ.ஓ. நிலவழகன் சார் அரை மணி நேரத்துல வந்துருவாரு. அவரு நாக்காலில ஒக்காருறதுக்கு முந்தியே தலைய எண்ணுற மனுசன். நீ வகுப்புக்கு வா. நான் இந்தப் பக்கம் தேடுறேன். அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரட்டும், அப்பறம் ஊரைக் கூட்டுவோம்."

"அவ தண்ணிக்குள்ள இருந்தா, டீச்சர்?"

ஞானமணி விளிம்புப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"எறங்கிப் பாக்க ஆளு வேணும். ஊரு பூராவும் கம்மாய்லதானே நூறு நாள் வேலைல நிக்குது? நான் போறேன்."

"அங்க போய் வாயத் தொறந்தேன்னா இன்னைக்கு ஒனக்குக் கையெழுத்து இல்ல. இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே..." ஞானமணி முடிப்பதற்குள் கருவேல மரங்கள் ஃபர்ஹானாவை விழுங்கிவிட்டன.

கண்மாய் ஒரு கிலோமீட்டர். கரை மேலே ஏறும்போது தொண்டை வறண்டு இருமல் வந்தது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திலகாவின் அம்மா காத்தாயியிடம் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது? ‘திலகாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனீங்களா?’ என்று கேட்கலாமா? ‘வரலையா?’ என்று அவள் திருப்பிக் கேட்பாளே. ‘செருப்பு கெடந்துச்சு’ என்று சொல்லலாமா? எந்தச் செருப்பு, எங்கே என்று கேட்பாளே. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் சொல்லிப் பார்த்தாள். எல்லா வாக்கியமும் கடைசியில் அந்தப் பச்சைத் தண்ணீரில் போய் விழுந்தது. காலையிலிருந்து தொண்டைக்குள் இன்னொரு வாக்கியமும் இருந்தது. அதைச் சொல்லிப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

கரைக்குக் கீழே நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். அசைவில்லாமல். எல்லா முகமும் ஒரே பக்கம் பார்த்தன.

அதற்குள் செய்தி வந்துவிட்டதா?

"ஏய், அப்படியே நில்லுங்க! சோலையப்பண்ணே, தலப்பாவ எடுய்யா. மூஞ்சி தெரியலேன்னா போட்டோ ஏத்துக்காதாம்." வேலைப் பொறுப்பாளர் மணிமேகலை போனைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள். அவர்களுக்கு வருகைப்பதிவு போட்டோதான்.

"எடுத்தா மட்டும் என்னத்த அழகா விழுந்துரப் போறேன்?" என்றார் சோலையப்பன். வரிசை சிரித்தது.

"சிரிக்காதீங்க, ஆடுது. முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது, நாப்பது..." மணிமேகலை திரையில் விரலை வைத்து எண்ணினாள். "அய்ய, நாப்பத்தொண்ணு வருது? யாருடி அது நடுவுல சின்னத் தலை? காத்தாயி! ஒம் புள்ளையத் தள்ளி ஒக்காரச் சொல்லுடி, ஆளு கணக்கு ஒண்ணு கூடுது!"

காத்தாயியின் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்.

ஃபர்ஹானா கரை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க டீச்சர், இம்புட்டுத் தூரம்?" காத்தாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நானே சாயங்காலம் வந்து சொல்லலாம்ன்னு இருந்தேன். எம் வேலை அட்டை இவ பையில கெடந்திருக்கு. பாதி வழியில பாத்துப்புட்டு, அம்மாவுக்கு வேலை இல்லேன்னுருவாங்கன்னு இங்கிட்டு ஓடியாந்துட்டா. வழியில முள்ளு ஏறிருச்சு. நடக்க முடியல, இங்கனயே கெடன்னுட்டேன். நீங்க ஆப்சென்ட்டு போட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

குழந்தையின் குதிகாலில் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. ஃபர்ஹானா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தடவினாள்.

"ஏன் டீச்சர் அழுகுறீங்க?" என்றாள் திலகா.

"வேர்வைடி."

மணி பத்து ஐம்பது. ஃபர்ஹானா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இவள நான் கூட்டிட்டுப் போறேன்க்கா. இன்னைக்கு இவ வகுப்புல இருந்தாகணும்."

பாதி வழியில் குழந்தை காதருகே கேட்டாள்.

"டீச்சர், எம் பை? கனமா இருந்துச்சுன்னு கீழ வெச்சுட்டு ஓடியாந்தேன்."

"ஆணியில இருக்கு."

"யாரு மாட்டுனா?"

ஃபர்ஹானா குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வேகமாக நடந்தாள்.

பள்ளி வாசலில் நிலவழகனின் மோட்டார் சைக்கிள் நின்றது.

நிலவழகன் உட்காரவில்லை. வராந்தாவில், ஆணிகளுக்கு எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஞானமணியின் முகம் வெளுத்திருந்தது. சற்றுத் தள்ளி, தொப்பியும் ஏப்ரனுமாக உண்ணாமலை கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஆப்புல இருபத்தொண்ணு," என்றார் நிலவழகன் திரும்பாமலே. "தலை இருபது. இப்ப இடுப்புல ஒண்ணு வருது. இருபத்தொண்ணு. கணக்கு சரியாப் போச்சு இல்லையா, டீச்சர்?"

"சார்..."

"எங்க இருந்துச்சு?"

"அம்மாகிட்ட, சார். கம்மாய்ல. வேலை அட்டை குடுக்கப் போயிருக்கா."

"புள்ள நல்லாருக்குல்ல? அத முதல்ல உள்ள ஒக்கார வைங்க."

திலகா நொண்டிக்கொண்டே போய் ராக்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபர்ஹானாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் முழு மூச்சு அல்ல.

"பையை எண்ணி அட்டெண்டன்ஸ் போடுறீங்கன்னு எச்.எம். சொன்னாங்க. நெட்வொர்க் இல்லாத ஊரு, எனக்கும் தெரியும். நானும் இடைநிலை ஆசிரியராத்தான் ஆரம்பிச்சேன். ஆனா பை பாடம் படிக்காது. நாளையிலேருந்து தலைய எண்ணணும். இது வாய்மொழி எச்சரிக்கை. எழுத்துல வேண்டாம்." மேசை மேல் இருந்த கோப்பைத் திறந்தார். "ரெண்டு வருஷம் நல்லா வேலை பாத்திருக்கீங்க. ஒரு நாள் தப்புக்கு அதக் கெடுக்க விரும்பல."

ஞானமணி யாருக்கும் தெரியாமல் ஃபர்ஹானாவின் முழங்கையை அழுத்தினார். தப்பித்தாய் என்று அர்த்தம்.

"ஆனா இன்னொரு விஷயம் இருக்கு." நிலவழகன் பேனா மூடியைக் கழற்றி உண்ணாமலைப் பக்கம் திரும்பினார். "பைக்குக் கால் கெடையாது. புள்ள பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து பையைப் போட்டிருக்கு. திரும்பி வெளிய போயிருக்கு. குவாரி இருக்குற ஊரு! சாப்பாட்டு நேரத்துல புள்ளைங்க யார் பொறுப்பு? உங்க பொறுப்பும்மா. புள்ள எங்கன்னு பாக்காம பையை மட்டும் எடுத்து மாட்டியிருக்கீங்க. இன்னைக்குத் தண்ணியில விழுந்திருந்தா?"

உண்ணாமலை கரண்டியைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. ஞாபகப்படுத்திப் பார்த்தாள் போலிருந்தது.

"தெனமும் கெடக்குறத எடுத்து மாட்டுவேங்க சார். கையி பழக்கம். இன்னைக்கும்... நான்தான் மாட்டியிருப்பேன். இந்தப் புள்ள வந்து ஒக்காந்ததா, இல்லையான்னு நெனவு வரல சார். ரெண்டு கரண்டி கிச்சடி மிச்சம் ஆச்சு. அப்பவே யோசிச்சிருக்கணும்."

"யோசிக்கலையே. நாளையிலேருந்து வேற ஆள் போடச் சொல்லி மகளிர் குழுவுக்கு எழுதறேன். நீங்க வர வேண்டாம்."

உண்ணாமலை வாதாடவில்லை. தொப்பியைக் கழற்றினாள். ஏப்ரனை அவிழ்த்து நான்காக மடித்தாள். மேசை ஓரத்தில் வைத்தாள்.

"மூணாங்கிளாஸ் அமுதனுக்கு வேர்க்கடலை ஆகாதுங்க," என்றாள் ஞானமணியிடம். "வாரவங்ககிட்டச் சொல்லிருங்க."

நிலவழகன் குனிந்து எழுதினார். ஃபர்ஹானா நின்ற இடத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. ‘திருப்திகரம்.’ நீல மை. எழுத்து இன்னும் காயவில்லை. பேனா கீழே இறங்கிக் கையெழுத்து இடத்துக்கு வந்தது.

இன்னும் இரண்டு விநாடி. இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதற்குப் பிறகு பஸ், கோட்டைப்பட்டினம், வாசலில் ஹஃப்சா. யாருக்கும் தெரியாது. பார்த்தவர் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். கேள்வி கேட்கிற ஒரே வாயும் இப்போது ராக்கனோடு கைகோத்துக்கொண்டு உள்ளே எண் பாடிக்கொண்டிருந்தது.

உண்ணாமலை வராந்தாப் படி இறங்கிவிட்டாள்.

"உண்ணாமலைக்கா, நில்லுங்க."

ஞானமணியின் விரல்கள் முழங்கையில் நகம் பதிய இறுகின. ஃபர்ஹானா கையை உருவிக்கொண்டாள். இருபத்தோராவது ஆணியிலிருந்து பையைக் கழற்றிக் கொண்டுவந்து மேசை மேல், கோப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பையின் அடியில் செம்மண் அப்பியிருந்தது. மண்ணோடு மண்ணாக ஏழெட்டு நெருஞ்சி முள். அதற்குப் பக்கத்தில் தன் வலது உள்ளங்கையை விரித்தாள். நடுவில் சின்னதாக, கறுப்பாக ஒரு புள்ளி.

நிலவழகன் பேனாவைத் தூக்கினார். "என்ன இது?"

ஃபர்ஹானாவுக்குக் குரல் வருமா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தது.

"நம்ம வராந்தா, சமையக்கட்டு எல்லாம் சிமெண்டுத் தரை, சார். இங்க நெருஞ்சி கெடையாது. இந்தப் பை குவாரி ஓரத்துல பாதையில கெடந்துச்சு. காலையில எட்டு அம்பதுக்கு. சுத்திலும் புள்ளையக் காணோம். பாத்தேன். பஸ்ஸு லேட்டு, நீங்க வேற வர்றீங்க... சோத்துக்கு ஓடிருப்பான்னு ஒரு நிமிசம்கூட நிக்காம எடுத்தாந்துட்டேன். அக்கா மாட்டல, சார். இந்தப் பையை ஆணியில மாட்டுனது நான்தான்."